விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. என் நண்பன் கவின் சொல்லிக் கேட்டது. அவன் சொன்ன அன்று நல்ல மழை; தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தோம்; பாதி காதில் விழவில்லை. மீதிப் பாதியை இத்தனை மாதங்களில் என் மனம் எங்கெங்கே இழுத்துப் போட்டிருக்கிறதோ... தெரியாது. மணி தவறாக இருக்கலாம். விரிசல் விட்டது எந்தத் திசைச் சுவர் என்பதும் தவறாக இருக்கலாம். ஒரு நிறம் மட்டும் தவறாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விளக்கு அணைந்தே இருக்கட்டும், வசந்தா, நீ உட்காரடா. கரண்ட் வரும்போது வரட்டும்.

கவினுடைய பெரியம்மாவுக்கு நடந்தது இது. அவன் அம்மாவின் அக்கா. பெயர் தனலெட்சுமி. எல்லோருக்கும் தனம்.

காலை ஆறு மணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. போன வருடம் நம் மலேசியாவில், சிகாமாட் பக்கம் நிலம் ஆடியதே, அந்த ஆகஸ்ட் மாதத்துக் காலை. இன்னும் விடியவில்லை. லாபிஸுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு செம்மண் பாதை. இரண்டு பக்கமும் மரங்கள். அதில் தனம் மட்டும் நடந்துகொண்டிருந்தாள். தோளில் ஒரு துணிப் பை. பெரிய சாலைக்குப் போய், எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறி, உலு திராமுக்குத் தங்கை வீட்டுக்கே போய்விடுவது என்று கிளம்பியிருந்தாள்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். முந்தின இரவு அவள் புருஷன் லோகேஸ்வரன் தூக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஷர்மி... ஃபேன கொஞ்சம் குறை."

ஷர்மினி அவருடைய முதல் மனைவி. டெங்கிக் காய்ச்சல் வந்து செத்துப்போனவள். தனம் இருட்டில் எழுந்தாள். ஃபேனைக் குறைத்தாள். திரும்ப வந்து படுத்தாள். கிளம்பும்வரை கண்ணை மூடவில்லை.

அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. உலு திராமில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை செய்தே இளமை போய்விட்டது. இனிமேல் கல்யாணம் இல்லை என்று வீட்டில் எல்லோரும் மனதுக்குள் முடிவு செய்த பிறகு வந்த வரன் லோகேஸ்வரன். செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்க்கிற வேலை. குடிக்க மாட்டார். அதட்ட மாட்டார். பேசவும் மாட்டார். நல்ல மனிதர். ஆனால் அந்த வீடு...

அந்த வீட்டில் தரைக்கல் ஷர்மினி எடுத்தது. சுவருக்கு இளமஞ்சள் அவள் சொன்னது. மசாலா டப்பாக்கள் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. தனம் குள்ளம், முக்காலி போட்டு எடுக்க வேண்டும். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் போனில் வழி கேட்டான்: "அக்கா, ஷர்மினி அக்கா வீட்டுக்குப் பக்கத்துலயா நீங்க?"

"ஆமா, பக்கத்துலதான்" என்று சொல்லிவிட்டுத் தனம் போனை வைத்தாள்.

சரி, பாதைக்கு வருகிறேன்.

நடந்துகொண்டிருந்தாள். தவளைச் சத்தம் காதை அடைத்தது. திடீரென்று அது நின்றது. எல்லாத் தவளைகளும் ஒரே நேரத்தில்... பிறகு காலுக்கு அடியில், ரொம்ப ஆழத்தில், பாரம் ஏற்றிய லாரி ஒன்று உருண்டு போவது மாதிரி ஒரு உறுமல். காற்று இல்லை. ஆனால் மட்டைகள் எல்லாம் சரசரவென்று ஒன்றோடொன்று உரசின. பாதையோரக் கால்வாயில் தண்ணீர் நடுங்கியது. அவளுக்கு முன்னால் பாதையின் ஓரம் கோடு கிழித்த மாதிரி பிளந்து, ஒரு பாளம் மண் கால்வாய்க்குள் சொத்தென்று விழுந்தது. பச்சை மண் வாடை.

அவ்வளவுதான். சில நொடிகள்.

பெரிய சாலை கிட்டத்தில் இருந்தது. வீடுதான் தூரம். தனம் வீட்டுப் பக்கம் ஓடினாள். ஏன் அந்தப் பக்கம் ஓடினாள் என்று கவினுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

ஓடிவந்து பார்த்தால் லோகேஸ்வரன் வாசலில் நிற்கிறார். சாரம் மட்டும் கட்டியிருக்கிறார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். இரண்டு கையாலும் எதையோ மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார்.

கிட்டே போனாள். ஷர்மினியின் படம். கூடத்தில் மாலையோடு மாட்டியிருந்த படம்.

"தனம், உனக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றார்.

அவள் தோளில் இருந்த பையை அவர் பார்க்கவே இல்லை. அவள் உள்ளே இருந்தாளா வெளியே இருந்தாளா என்றும் கேட்கவில்லை. தனம் பையைக் கீழே வைத்தாள். அன்றைக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பாள். போகவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

ஊரில் பெரிய சேதம் எதுவும் இல்லை. ஆனால் லோகேஸ்வரன் வீடு இருந்த நிலம் வேறு மாதிரி. முன்பு தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னால் அங்கே ஒரு குட்டை இருந்ததாம். தோட்டத்தை விற்றபோது வெட்டிய செம்பனைத் தண்டுகளை அதற்குள் தள்ளி, மேலே செம்மண்ணைக் கொட்டி மட்டம் செய்து, மனை போட்டு விற்றிருக்கிறார்கள். தண்டு மக்கிப்போகும். உள்ளே வெற்றிடம் விழும். மேலே இருப்பவனுக்குத் தெரியாது. ஒரு சின்ன ஆட்டம் போதும்.

படுக்கையறையின் மூலை அரைச் சாண் இறங்கிவிட்டது. ஜன்னலின் மேல் முனையிலிருந்து தரைவரை சாய்வாக ஒரு விரிசல். கட்டிலில் படுத்தால் நேர் எதிரே தெரியும்.

சாஆ என்கிற பக்கத்து ஊரிலிருந்து செல்லப்பன் வந்தார். வீடு கட்டுகிறவர். வாய் ஓயாது. விரிசலில் நகத்தை விட்டுப் பார்த்தார், குனிந்து மோந்துகூடப் பார்த்தார்.

"ஆட்டம் சின்னதுதான் லா. மண்ணு உக்காந்துருச்சு. இப்ப கேள்வி என்னன்னா, உக்காந்து முடிச்சிருச்சா, இல்ல இன்னும் உக்காருமா?"

"எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?" என்றார் லோகேஸ்வரன்.

"விரிசலுக்குக் குறுக்கால ஒரு கண்ணாடித் துண்டு வச்சு ரெண்டு பக்கமும் சிமெண்ட் போட்டுப் பூசிருவேன். சுவரு ஒரு முடி அளவு அசைஞ்சாலும் கண்ணாடி டக்குன்னு உடைஞ்சிரும். மழைக்காலம் முடியுற வரைக்கும் பாப்போம். உடையலன்னா விரிசலப் பூசிட்டு நிம்மதியா தூங்குங்க. உடைஞ்சிச்சுன்னா... இந்த வீடு வேணாம் தம்பி. உசிரு முக்கியம்."

லோகேஸ்வரன் விரிசலை விரலால் தடவினார். பிறகு தனத்திடம் சொன்னார்: "உடைஞ்சா போயிருவோம். உலு திராம்லயே வீடு பாப்போம். உடையலன்னா இங்கதான்."

தனம் தலையை ஆட்டினாள். அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கண்ணாடி உடைய வேண்டும்.

மறுநாள் செல்லப்பன் சிமெண்டைக் குழைத்து வைத்துக்கொண்டு தலையில் கை வைத்தார். "அலமாக், கண்ணாடிய மறந்துட்டேன். தங்கச்சி, வீட்டுல பழைய கண்ணாடி ஏதாவது கிடக்கா?"

லோகேஸ்வரன் வேலைக்குப் போயிருந்தார்.

தனம் கூடத்துக்குப் போனாள். படத்தை இறக்கினாள். மாலையைக் கழற்றினாள். சட்டத்தைத் திருப்பி ஆணிகளைக் கத்தியால் நெம்பிக் கண்ணாடியை உருவினாள். வெள்ளிக்கிழமைதோறும் அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் நெற்றி இருக்கும் இடத்தில் அடையாகப் பிடித்திருந்தன. பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தாள். சந்தனம் கரைந்து கையெல்லாம் மணத்தது. சுத்தமாகத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"சட்டத்துலேருந்து எடுத்த மாதிரி இருக்கு?" என்றார் செல்லப்பன்.

"பழசுண்ணே. சும்மா கிடந்துச்சு."

கிர்ர்ரென்று அறுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. அவள் முக உயரத்தில், விரிசலுக்குக் குறுக்கே வைத்துப் பூசினார்.

அன்று மாலை லோகேஸ்வரன் வந்தார். கூடத்தில் கண்ணாடி இல்லாத படத்தைப் பார்த்தார். படுக்கையறைக்குள் போய் சுவரில் இருந்த துண்டைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் தனம் அழுதிருப்பாள், அத்தோடு போயிருக்கும். அவர் கத்தவில்லை. கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்தார்.

அதன்பின் ஒவ்வொரு இரவும் அப்படித்தான். தூங்கும் முன் கண்ணாடியில் ஒரு கை. உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

தனம் காலையில் அவர் எழுவதற்கு முன் எழுந்து போய்ப் பார்ப்பாள். உடைந்திருக்காது.

*

அடுத்தடுத்து நில அதிர்வுகள் இருந்தன, உங்களுக்கே தெரியும். படுத்திருக்கும்போது கட்டில் லேசாகச் சிணுங்கும். அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்பாள். டக். அது வரவே வராது.

ஆனால் விரிசல் அகன்றது. முதலில் நகம் நுழைந்த இடத்தில் காசு நுழைந்தது. பிறகு சுண்டுவிரல். கதவு மூட மறுத்தது. கொல்லைப் பக்கம் சிமெண்ட் தரை துண்டுதுண்டாகத் தூக்கிக்கொண்டது. வேலியோரத்துப் பப்பாளி மரம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்தது.

கண்ணாடி அப்படியே இருந்தது. கீறல்கூட இல்லை.

செல்லப்பன் வந்து பார்த்தார். முதல்முறையாக அவர் வாய் மூடியிருந்தது. அளந்தார். திரும்ப அளந்தார். இரண்டு முனையிலும் சிமெண்ட் பிடிப்பு விடவில்லை.

"தம்பி, கண்ணாடி நீளுமா?" என்றார்.

லோகேஸ்வரன் கண்ணாடியில் படிந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

"இத நான் ஒட்டுனப்ப இவ்வளவு அகலம் இல்ல. சத்தியமா சொல்றேன்."

வசந்தன் இப்போது என்ன கேட்பான் என்று தெரியும். ஏன் கழற்றிப் பார்க்கவில்லை என்பான். செல்லப்பன் கையை நீட்டினாராம். எதற்கோ பிறகு இழுத்துக்கொண்டாராம். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"உடையலல்ல" என்றார் லோகேஸ்வரன், அவர் போன பிறகு. "அப்ப இங்கதான்."

அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததாம். கல்யாண நாளன்றுகூட தனம் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் அவர் மாலை வேலைக்குப் போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் பாதையில் தேய்ந்து மறைந்தது. மழை வரப்போகிற மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சம். தனம் சமையலறைக்குப் போய், மிளகாய்ச் சம்பால் இடிக்கிற கல்லுலக்கையை எடுத்து வந்தாள்.

கண்ணாடிக்கு முன் நின்றாள். மெதுவாகத் தட்டினாள்.

டொக்.

உடையவில்லை. கொஞ்சம் ஓங்கி. டொக். கண்ணாடியில் அடித்த சத்தமாகவே இல்லை. ஈர மண்ணில் அடித்த மாதிரி இருந்தது. கையை முழுக்கப் பின்னால் கொண்டுபோய் முழு பலத்தோடு அடித்தாள். கை வலித்தது. கண்ணாடி சும்மா இருந்தது.

"போயேண்டி" என்றாள். "செத்துட்டல்ல. போ."

அமைதி.

பிறகு உள்ளேயிருந்து...

டொக்.

அந்தப் பக்கம் வெறும் வெளி. மண் இறங்கிய பிறகு அங்கே ஒருவர் நிற்கக்கூட இடமில்லை. சரிந்த பள்ளம்தான்.

டொக். டொக். அவசரமே இல்லாமல். வீட்டுக்காரி உள்ளேயிருந்து யார் என்று கேட்கிற மாதிரி.

விரிசலிலிருந்து ஒரு வாடை வந்தது. மக்கின தண்டு, குட்டைத் தண்ணீர்... அதற்கு மேல், லேசாக, சந்தனம். தனம் பயப்பட்டிருக்க வேண்டும். அவளுக்குப் பயத்தைவிட ஒரு வெறி பெரிதாக இருந்தது. பார்த்துவிட வேண்டும். அவர் மறக்க முடியாத அந்த முகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இரண்டு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, குனிந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தாள்.

இருட்டு. வேறொன்றும் இல்லை. நெற்றியில் மட்டும் ஒரு குளிர்ச்சி. பனிக்கட்டிக் குளிர்ச்சி இல்லை. தண்ணீரில் ஊறின கையின் குளிர்ச்சி.

நிமிர்ந்தாள். கண்ணாடியில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காணோம். அவளுடையதுதான், ஒட்டிக்கொண்டுவிட்டது. எடுக்கப் போனாள். நகம் வழுக்கியது. திரும்பச் சுரண்டினாள். வழவழவென்று வெறும் கண்ணாடிதான் நகத்தில் பட்டது.

பொட்டு உள்பக்கம் இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நகர்ந்தது. கொஞ்சம் இடது பக்கம். பிறகு கொஞ்சம் மேலே. கண்ணாடி முன்னால் நின்று நெற்றிப் பொட்டை விரலால் நடுவுக்குக் கொண்டுவருவார்களே... அப்படி. நடுவுக்கு வந்ததும் நின்றது.

தனம் செருப்புப் போடவில்லை. பை எடுக்கவில்லை. அந்தச் செம்மண் பாதையில் மழையில் நடந்து பெரிய சாலைக்கு வந்தாள். இந்தத் தடவை திரும்பவில்லை.

*

உலு திராமில் தங்கை வீட்டில் இருந்துகொண்டு பழைய ஃபேக்டரி வேலைக்கே போனாள். லோகேஸ்வரன் கூப்பிடவும் வரவில்லை, கோபிக்கவும் இல்லை.

காலையில் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு கிளம்புவாள். ஃபேக்டரி வாசலில் அடையாள அட்டையைத் தட்டும்போது நெற்றி வெறுமையாக இருக்கும். வேர்வையில் விழுந்திருக்கும் என்பார்கள். துண்டில் இருக்காது. தலையணையில் இருக்காது. தரையில் இருக்காது.

"சும்மா வைக்காமலே விட்ருங்களேன், பெரியம்மா" என்று கவின் ஒருநாள் சொன்னான்.

தனம் அவனை முறைத்தாள். "புருசன் உசிரோட இருக்கான்டா எனக்கு. நான் ஏன் நெத்திய காலியா விடணும்? வைக்கலன்னா அவளே பொண்டாட்டின்னு ஆயிரும்."

அதனால் வைத்தாள். தினமும்.

தைப்பொங்கல் முடிந்து ஒரு நாள், அவளுடைய துணிமணிகளை எடுத்துவரக் கவின் லாபிஸுக்குக் காரில் போனான். அவன் கிளம்பும்போது தனம் பொட்டு அட்டையைத் தேடினாள், தீர்ந்திருந்தது. கவினின் தங்கை லோஷினியிடம் ஒன்று வாங்கி, அவன் கண் முன்னாலேயே நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

வீடு நன்றாகச் சாய்ந்திருந்ததாம். கூடத்தில் நிற்கும்போதே கால் படுக்கையறைப் பக்கம் இழுத்ததாம். லோகேஸ்வரன் மெலியவில்லை, தாடி வளர்க்கவில்லை. சட்டை துவைத்து மடிப்போடு இருந்தது. "துணி உள்ள அலமாரியில இருக்கு, எடுத்துக்க" என்றார்.

கவின் உள்ளே போனான். விரிசலில் இப்போது ஒரு முழுக் கை நுழையும். அதன் குறுக்கே கண்ணாடி. உடையாமல். அதன் உள்பக்கம் முழுக்கப் பொட்டுகள். ஒன்றையொன்று தொடாமல், ஒழுங்காக, வரிசை வரிசையாக. குளியலறைக் கண்ணாடியில் பெண்கள் கழற்றி ஒட்டிவைப்பார்களே, அது மாதிரி. எல்லாம் அரக்கு நிறம். கடைசி வரிசையின் முனையில் மட்டும் ஒன்று வேறு நிறம்.

பின்னால் லோகேஸ்வரன் வந்து நின்றது கவினுக்குக் கேட்கவில்லை. குரல்தான் கேட்டது. ரொம்பப் பிரியமான குரல்.

"இன்னைக்குப் பச்சை வச்சிருக்கா, பாத்தியா."

காலையில் லோஷினி கொடுத்தது பச்சை.

கவின் துணிகளை எடுக்காமலே வந்துவிட்டான். இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான், லாபிஸ் வழியாகப் போவதில்லை. செல்லப்பன் சாஆவில்தான் இருக்கிறார். மண் போட்டு நிரப்பின மனையில் வேலை எடுப்பதில்லை. லோகேஸ்வரன் அதே வீட்டில், அதே அறையில் தூங்குகிறார். ஆலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறார். ஷர்மினியின் படம் கண்ணாடி இல்லாமல் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தனம் உலு திராமில் இருக்கிறாள். இன்றைக்கும் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.